ஏர் பிஸ்டல் டிரிகர் கனமாக இருக்கிறதா? எடையைக் குறைக்காமல் இலகுவாக்கும் முறை

ஏர் பிஸ்டல் பழக வருகிறவர்களிடம் முதல் சில வாரங்களிலேயே கேட்கும் புகார், "டிரிகர் ரொம்பக் கனமா இருக்கு" என்பதுதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் பக்கத்திலிருந்து இந்த விளையாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அருகிலேயே துப்பாக்கி மெக்கானிக் கிடைப்பதில்லை. அதனால் வீட்டில் இருக்கும் திருப்புளியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் டிரிகர் எடை, அதாவது அது விடுபட விரல் கொடுக்க வேண்டிய அழுத்தம், 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இந்தப் பிரிவில் வெண்கலம் வாங்கியபோதும் இதே விதிதான். ஆகவே எடையை இதற்குக் கீழே இறக்குவது நம் வேலை இல்லை. அந்த 500 கிராம் விரலுக்கு எப்படித் தெரிகிறது என்பதை மாற்றலாம். நிறைய மாற்றலாம்.

இங்கே சொல்வது முழுக்க சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடும் போட்டி பிஸ்டலுக்கு. ஸ்பிரிங் பிஸ்டல் வைத்திருந்தால் சுத்தம், பிடி பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குண்டு இல்லாமல் வெறுமனே சுட்டால் பிஸ்டன் நேராகப் போய் மோதி உள்ளே அடிபடும். தோட்டா போட்டுச் சுடும் பிஸ்டல் வேறு சங்கதி. அதற்கு உரிமம் வேண்டும், அதைத் திறப்பதற்கும் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் வேண்டும். அதில் ஸ்பிரிங்கை வெட்டி இலகுவாக்கினால் சுத்தியல் அடி பலவீனமாகித் தோட்டா வெடிக்காமல் போகும்.

வேலைக்கு உட்காரும் முன்

குண்டு உள்ளே இல்லை என்று கண்ணால் பாருங்கள். குண்டுப் பெட்டியை வேறு அறையில் வையுங்கள். பிஸ்டலை டிரை ஃபயர், அதாவது குண்டில்லாமல் வெறுமனே சுட்டுப் பழகும் நிலைக்கு மாற்றுங்கள். அது எந்த நெம்பு, எந்தப் பக்கம் என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும்.

நம் ஊர் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறதே என்று அந்த வரிசையில் இலக்கு வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். பக்கத்து அறைக் கதவு எதிலிருந்தும் ஆச்சியோ குழந்தையோ குறுக்கே வரலாம். வெற்றுப் பயிற்சிகூட ஆள் நடமாட்டம் இல்லாத வெறும் சுவரைப் பார்த்துத்தான்.

முதலில் அளந்து பாருங்கள்

கனம் என்பது பாதி உணர்ச்சி. அதனால் எண் வேண்டும். ஒரு கம்பியைக் கொக்கியாக வளைத்து அதில் சின்னப் பையைத் தொங்கவிடுங்கள். பைக்குள் அரிசி போட்டு, கொக்கி, பை, அரிசி மூன்றும் சேர்ந்து 500 கிராம் வரும்படி டிஜிட்டல் தராசில் நிறுத்துங்கள். பிஸ்டலைக் காக் செய்து (சுடத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து), குழல் நேர் மேலே பார்க்கும்படி பிடித்து, விரல் படும் இடத்தில் கொக்கியை மாட்டி, மேஜையில் கிடக்கும் பையை மெதுவாகத் தூக்குங்கள். பை மேஜையை விட்டு எழும்பியும் டிரிகர் விடுபடவில்லை என்றால் 500 கிராமுக்கு மேல் இருக்கிறது. பத்துப் பத்து கிராமாக அரிசி சேர்த்து எங்கே விடுபடுகிறது என்று பாருங்கள்.

இதைப் பத்து முறை செய்து எழுதிவையுங்கள். பத்தும் 540, 550 என்று ஒட்டி வந்தால் உங்கள் டிரிகர் ஆரோக்கியமாக இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு முறை 510, அடுத்த முறை 600 என்று தாவினால் பிரச்சினை எடையில் இல்லை. உள்ளே அழுக்கோ உராய்வோ இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் "கனம்" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தாவல்தான் என்பது என் உறுதியான எண்ணம். அடுத்து எப்போது விடுபடும் என்று தெரியாத டிரிகரை விரல் பயந்து பயந்து அழுத்தும். அந்தப் பயம் கனமாகத் தெரிகிறது.

சுத்தம்

சிவகங்கைச் சீமையின் செம்மண் தூசி வெயில் காலத்தில் எதற்குள்ளும் புகும். கையேட்டில் சொன்னபடி கிரிப்பை (மரக் கைப்பிடியை) கழற்றி, உலர்ந்த மென்மையான பிரஷால் டிரிகரைச் சுற்றித் தூசியைத் தட்டிவிடுங்கள். இங்கே தையல் மிஷின் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. விடாதீர்கள். எண்ணெய் அன்றைக்கு வழுக்கும், அடுத்த மாதம் அதே எண்ணெயில் தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும். கிரிப்பைத் திரும்ப மாட்டும்போது டிரிகர் மரத்தில் எங்கும் உரசாமல் போய்வருகிறதா என்றும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் லேசாக உப்பும்.

விரல் எங்கே படுகிறது

ஸ்குரூ எதையும் தொடாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள சதைப்பகுதி டிரிகரில் பட வேண்டும். விரலின் மற்ற பாகம் கிரிப் மரத்தைத் தொடவே கூடாது. தொட்டால் டிரிகரோடு மரத்தையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இழுக்கிறீர்கள். விரல் எட்டவில்லை, அல்லது மடங்கிக் கிடக்கிறது என்றால் டிரிகர் பிளேடை (விரல் படும் தகட்டை) முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி போட்டி பிஸ்டல்களில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். மற்ற விரல்களின் பிடி இறுகினாலும் ஆள்காட்டி விரல் மரத்துப் போகும்.

இரண்டு கட்டங்களைப் பிரிப்பது

இப்போது ஸ்குரூவுக்கு வரலாம். போட்டி டிரிகர் இரண்டு கட்டமாக நகரும். முதலில் லேசாகப் பின்னால் வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும். அதற்கு மேல் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். நடுவர் அளப்பது மொத்த எடையை. அந்த மொத்தத்தை இரண்டு கட்டத்துக்கும் எப்படிப் பங்கு போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

முதல் கட்டம் 200 கிராம் என்றால் சுவரில் நிற்கும் விரல் இன்னும் 300 கிராம் சேர்க்க வேண்டும். குறி பார்த்துக்கொண்டே 300 கிராம் சேர்ப்பது புதியவருக்குக் கடினம், கை ஆடும். முதல் கட்டத்தை 350 ஆக்கினால் மிச்சம் 150 தான். மொத்தம் மாறவில்லை, ஆனால் கடைசி அழுத்தம் பாதியாகிவிட்டது. முதல் கட்டத்தை அளக்க, அரிசியைக் கொஞ்சமாக ஆரம்பித்து டிரிகர் சுவர் வரை வந்து நிற்கும் எடை எது என்று பாருங்கள். 400க்கு மேல் கொண்டுபோக ஆரம்பத்தில் வேண்டாம். சுவரே தெரியாமல் போய், குறி அமையும் முன்பே குண்டு போய்விடும்.

எந்த ஸ்குரூ எந்தக் கட்டத்துக்கு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்குரூ, கால் சுற்று, உடனே மறுபடி அளவு. தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு ஸ்குரூவின் இருப்பையும் போட்டோ எடுத்து, நெயில் பாலிஷால் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றதன் எண்ணும் நகரும், அதனால் மொத்தத்தை ஒவ்வொரு முறையும் திரும்பப் பாருங்கள். மொத்தத்தைச் சரியாக 500இல் நிறுத்தாமல் 510, 520இல் வையுங்கள். போட்டியில் காற்றேற்றிய நிலையில் அளப்பார்கள். அதனால் கடைசி அளவை ரேஞ்சில் பயிற்சியாளர் முன்னால் எடுப்பதே நல்லது.

விடுபட்ட பிறகு டிரிகர் பின்னால் ஓடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப் ஸ்குரூவும் உண்டு. அதை அதிகம் முடுக்கினால் சில சமயம் டிரிகர் விடுபடவே விடுபடாது. விடுபடாத இடம் வரை போய், அங்கிருந்து அரைச் சுற்று திரும்பி வந்து நிறுத்துங்கள்.

தொடக் கூடாதவை

உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி எவ்வளவு ஆழம் மாட்டியிருக்கிறது என்பதை மாற்றும் ஸ்குரூ சில மாடல்களில் வெளியிலிருந்தே எட்டும். அதைத் தொடாதீர்கள். அந்தக் கொக்கியை உப்புத்தாள் போட்டு மெருகேற்றவும் கூடாது. மேற்பரப்பின் கடினமான படலம் மெல்லியது, தேய்ந்தால் கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், பிறகு தானாகவே நழுவ ஆரம்பிக்கும்.

நம்பலாமா என்று சோதிப்பது

காக் செய்து, குண்டில்லாமல், டிரிகரைத் தொடாமல் கிரிப்பின் பின்பக்கம் உள்ளங்கையால் நாலைந்து முறை தட்டுங்கள். விடுபடக் கூடாது. அடுத்து முதல் கட்டம் வரை இழுத்து, சுடாமல் மெதுவாக விரலைத் தளர்த்துங்கள். டிரிகர் முன்னால் முழுசாக வர வேண்டும், மறுபடி இழுத்தால் சுவர் அதே இடத்தில் இருக்க வேண்டும். பிறகு ஐம்பது முறை வெறுமனே சுட்டுவிட்டுப் பத்து முறை எடை பாருங்கள். காலைக் குளுமையில் ஒன்று, மதிய வெயிலில் ஒன்று என இரண்டு வேளையும் அளந்து, முன்பு எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள்.

தட்டும்போது ஒரே ஒரு தடவை விடுபட்டாலும் நெயில் பாலிஷ் கோட்டுக்கு எல்லா ஸ்குரூவையும் திருப்பிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். அப்போதும் விடுபட்டால் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டலைப் பெட்டியில் பூட்டி, நீங்கள் எழுதிய எண்கள் உள்ள தாளோடு மதுரையிலோ திருச்சியிலோ தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே பாதி வேலை அவருக்கு முடிந்துவிடும்.