கூப்பர் கேஸுக்குத் தாய்ப் பத்திரம் தேடுவது எப்படி

கூப்பர் கேஸில் (1971-இல் அமெரிக்காவில் நடந்த, இன்னும் துப்புத் துலங்காத விமானக் கடத்தல்) இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். செத்துப்போன யாரோ ஒருவரைப் பிடித்து "இவர்தான் அவர்" என்று முடிவுகட்டிவிட்டு, அப்புறம் அதற்குத் தோதாக ஆதாரம் தேடுவார்கள். நான் வேலூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். "மனை என்னுதுதான், அதுக்கேத்த மாதிரி ஒரு பேப்பர் தேடிக் குடுங்க" என்று வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தாய்ப் பத்திரம் எங்கே? விமானக் கடத்தலுக்கும் அதே கேள்விதான். ஞாயிற்றுக்கிழமைகளில் லாங்கு பஜார் டீக்கடையில் கூடும் எங்கள் சின்ன ஜமாவில் புதிதாக யாராவது சேர்ந்தால் நான் சொல்லிக் கொடுப்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1971 நவம்பர் 24, புதன்கிழமை. அமெரிக்காவின் போர்ட்லேண்டிலிருந்து சியாட்டில் போகும் நார்த்வெஸ்ட் ஓரியண்ட் 305 விமானத்தில், டேன் கூப்பர் என்று பெயர் கொடுத்துக் காசு கட்டி டிக்கெட் வாங்கிய ஒருவர் ஏறினார். பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாகப் பணிப்பெண்ணிடம் சீட்டு கொடுத்தார். கேட்டது 2 லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டும். சியாட்டிலில் இரண்டும் வந்தன. மற்றப் பயணிகள் எல்லாரும் இறக்கிவிடப்பட்டார்கள். மெக்சிகோவுக்குப் போகச் சொல்லி விமானத்தை மறுபடி கிளப்பவைத்து, போயிங் 727-இன் பின்பக்கப் படிக்கட்டைத் திறந்து, மழை இருட்டில் குதித்தார். ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. 2016 ஜூலையில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தன் தீவிர விசாரணையை நிறுத்திக்கொண்டது. (அதே 1971 ஜனவரியில்தான் நம்மூர் 'கங்கா' விமானத்தை லாகூருக்குக் கடத்தினார்கள். அதில் கடத்தியவர்கள் யாரென்று அன்றைக்கே ஊருக்குத் தெரியும்.)

முதலில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம், எனக்கு நோட்டுதான் சரிப்படுகிறது. பக்கத்துக்கு நான்கு பத்தி கோடு போடுங்கள்: என்ன சொல்லப்படுகிறது, கண்ணால் பார்த்தவர் யார், அது எந்தத் தேதியில் எழுதப்பட்டது, எந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஒரு சேதிக்கு நான்கு பத்தியும் நிரம்பாவிட்டால் பென்சிலில் எழுதுங்கள். நிரம்பினால் பேனாவில். கொஞ்ச நாள் கழித்துப் புரட்டினால், எல்லாரும் அடித்துச் சொல்லும் சமாச்சாரங்களில் பாதி பென்சிலிலேயே கிடப்பது தெரியும். அவர் உட்கார்ந்திருந்த இருக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 18-சி என்று சிலர், 18-இ என்று சிலர், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போகிறார்கள். 'டி.பி. கூப்பர்' என்ற பெயரே அன்றைய செய்தி அவசரத்தில் ஒட்டிக்கொண்டதுதான். டிக்கெட்டில் அப்படி இல்லை.

மூலக் காகிதம், அதாவது இந்தக் கேஸின் தாய்ப் பத்திரம், எங்கே கிடைக்கும்? எஃப்.பி.ஐ. தன் இணையக் காப்பகத்தில் இந்த வழக்குக் கோப்புகளைப் பாகம் பாகமாகப் போட்டிருக்கிறது. காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். கால வரிசை இருக்காது, பெயர்கள் மேல் மை பூசியிருக்கும், நகல் மங்கலாக இருக்கும். சலித்துக்கொள்ளாதீர்கள். நாம் தேட வேண்டியது எஃப்.டி-302 என்ற படிவத்தை. சாட்சியை விசாரித்த அதிகாரி எழுதிய அறிக்கை அது. அதில் விசாரித்த தேதி ஒன்று, தட்டச்சு செய்த தேதி ஒன்று என்று இரண்டு இருக்கும். நம் பத்திரத்தில் எழுதிக்கொடுத்த தேதியும் பதிவான தேதியும் வேறாக இருக்கும் இல்லையா, அந்த இடைவெளியில் என்னவெல்லாம் நடக்கும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டையும் குறியுங்கள். கடத்தல் நடந்த ராத்திரியே பணிப்பெண் டீனா மக்லோ சொன்னதற்கு இருக்கும் எடை, பத்து வருஷம் கழித்து டிவியில் யாரோ சொன்னதற்குக் கிடையாது. மக்லோதான் கூப்பர் பக்கத்தில் அதிக நேரம் உட்கார்ந்திருந்தவர். சீட்டை முதலில் வாங்கியவர் ஃப்ளாரன்ஸ் ஷாஃப்னர். இரண்டு பேர் சொன்னதையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள், கலக்காதீர்கள்.

அடுத்தது நேரம். விமானத்துக்கும் தரைக்கும் நடந்த வானொலிப் பேச்சின் பதிவுகளில் கிரீன்விச் நேரம் இருக்கும், சாட்சிகள் உள்ளூர் நேரத்தில் பேசுவார்கள், நம் மூளை இந்திய நேரத்தில் ஓடும். அவர் குதித்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் இரவு 8.13, கிரீன்விச்சில் மறுநாள் அதிகாலை 4.13, நமக்குக் காலை 9.43. இந்த 8.13 கூட யாரும் கண்ணால் பார்த்த நேரம் கிடையாது. விமானத்தின் வால் திடீரென்று ஆட்டம் கண்டதை விமானிகள் உணர்ந்ததை வைத்துப் போட்ட கணக்கு. விமானம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு நிமிஷம் தப்பினால் வேலூர்க் கோட்டைக்குள் விழ வேண்டிய ஆள் சத்துவாச்சாரியில் விழுவார். எனவே வரைபடத்தில் புள்ளி வைத்து "இங்கேதான் விழுந்தான்" என்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். நீளமாக ஒரு பட்டை வரைந்து, காற்றுக்கு இரண்டு பக்கமும் அகலம் கொடுங்கள். எங்கள் ஜமாவில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் எக்ஸலில் இதைப் போடுகிறான். நான் டிரேசிங் பேப்பரில் போடுகிறேன். ரெண்டும் ஒன்றுதான்.

இனி ஆற்றுக்கு வருவோம். என்னை இந்தக் கேஸில் கட்டிப்போட்டது இதுதான். 1980 பிப்ரவரியில், கொலம்பியா ஆற்றங்கரையில் டீனா பார் என்ற மணல் திட்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் அடுப்பு மூட்ட மணலைத் தள்ளும்போது 20 டாலர் நோட்டுக் கட்டுகள் வந்தன. மொத்தம் 5,800 டாலர். வரிசை எண்கள் கூப்பருக்குக் கொடுத்த நோட்டுகளோடு ஒத்துப்போயின. கொடுக்கப்பட்ட 10,000 நோட்டில் மீதி 9,710 இன்னும் எங்கேயோ இருக்கின்றன, அல்லது எங்கேயும் இல்லை.

அவர் விழுந்ததாக ஆரம்பத்தில் போலீசும் ராணுவமும் சல்லடை போட்டுத் தேடியது ஏரியல் என்ற ஊர்ப்பக்கம், லூயிஸ் ஆற்றை ஒட்டி. இப்போது வரைபடத்தை விரியுங்கள். அமெரிக்க நிலவியல் துறையின் பழைய வரைபடங்கள் இணையத்தில் இலவசம். அந்தக் காலத்துக்குப் பக்கத்தில் அச்சானதாகப் பாருங்கள், புதியது வேண்டாம். லூயிஸ் ஆறு கொலம்பியாவில் கலப்பது டீனா பாருக்குக் கீழே. பொன்னையாறு திருவலம் தாண்டித்தான் பாலாற்றில் சேருகிறது. அதில் போட்ட தேங்காய், பாலாற்றில் அதற்கு மேலே இருக்கும் விருதம்பட்டுப் பாலத்துக்கு ஏறி வருமா? வராது. அப்படியானால் லூயிஸ் ஆற்றுப்பக்கம் விழுந்த பணம் டீனா பாருக்குத் தண்ணீரோடு வந்திருக்க வழியில்லை. ஒன்று அவர் விழுந்த இடம் வேறு (மேலே கலக்கும் வாஷூகல் ஆற்றைச் சிலர் சொல்வது இதனால்தான்), இல்லை யாரோ கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள், இல்லை நமக்குப் புலப்படாத மூன்றாவது வழி. ஆற்றுக்கு நான்கு எல்லை எழுதிப் பார்த்தாலே இவ்வளவு தெரிகிறது.

அதோடு, கட்டுகள் கட்டாகவே இருந்தன, ரப்பர் பேண்டும் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டு வருஷத்துக்கு மேல் ரப்பர் பேண்டு தாங்குமா? இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நோட்டு அளவுக்கு வெள்ளைத்தாள் வெட்டி, நூறு நூறாக ரப்பர் பேண்டு போட்டு, பாலாற்று மணலில் ஈரம் இருக்கும் ஆழத்தில் சிலதைப் புதைத்தேன், சிலதை மாடியில் வெயிலில் விட்டேன். மாடியில் இருந்தது ஒரு கோடையிலேயே தொட்டால் பொடிந்தது. மணலுக்குள் இருந்தது நிறம் மாறி, இழுவை போய், ஆனாலும் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. நம்மூர் சூடு அந்த ஊர்க் குளிருக்குச் சமமில்லை, ரப்பரும் வேறு சரக்கு. ஆகவே இதைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் வெளியே கிடந்து உருண்டு வந்திருக்கும் என்பதைவிட, சீக்கிரமே மணலுக்குள் போயிருக்கும் என்பதுதான் எனக்குப் படுகிறது. டாம் கே என்ற ஆய்வாளர் அந்த நோட்டுகளில் ஒட்டியிருந்த டயாட்டம் என்ற நுண்ணிய பாசிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார். அவை கோடையை ஒட்டிப் பெருகும் வகை; கடத்தல் நடந்ததோ நவம்பர். அப்படியானால் அவர் குதித்த கையோடு பணம் தண்ணீரில் மூழ்கவில்லை. அமெச்சூர் வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

கழுத்துப்பட்டை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இருக்கையில் அவர் விட்டுப்போன ஜே.சி.பென்னி கிளிப் டையில் டைட்டானியத் துகள் கிடைத்தது, ஆகவே உலோக ஆலைக்காரர் என்கிறார்கள். டை அவர் வாங்கியதுதானா, பழையது வாங்கியதா? வில்லங்கம் பார்க்காத சொத்து அது. டையில் எடுத்த மரபணுவும் ஒருத்தருடையது மட்டும் இல்லை. அவர் குடித்துப் போட்ட ராலே சிகரெட் துண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால் வழக்கே மாறியிருக்கும். அவை காணாமல் போய்விட்டன.

உங்களுக்குத் தெரியாத தொழிலை அந்தத் தொழில்காரரிடம் கேளுங்கள். நம் ஜில்லாவில் பட்டாளத்துக்காரருக்கா பஞ்சம்? கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அங்கே ஆக்ராவில் பாராசூட் பயிற்சி எடுத்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் போனேன். "கோட்டு சூட்டு போட்டுனு, சாதா ஷூவோட குதிச்சாரே, பொழைச்சிருப்பாரா சார்?" என்றேன். "குதிக்கிறது இன்னாபா பெருசு, ராத்திரி தரை எங்க கீதுன்னு தெரியாதே, கால் சேர்க்க நேரம் தெரியாம எலும்ப ஒடைச்சுக்குவான்" என்றார். பணப்பையைக் கட்ட கூப்பர் ஒரு பாராசூட்டின் கயிறுகளை அறுத்தார் என்றதும் எழுந்து உள்ளே போய் நைலான் கயிறு எடுத்துவந்து, பத்து கிலோ அரிசிப் பையை இடுப்பில் கட்டிக் காட்டினார். 10,000 நோட்டு, நோட்டுக்கு ஒரு கிராம், அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பை முட்டியில் இடித்தது. "இத்தோட குதிச்சா கயிறு எகிறும்போது பை பிச்சுக்குனு போவும்" என்றார். பணம் தனியாக, ஆள் தனியாக விழுந்திருக்கலாம் என்ற பத்தி என் நோட்டில் அன்றைக்குத்தான் ஏறியது. அதே சமயம், 1972 ஏப்ரலில் இதே பாணியில் 727-லிருந்து குதித்த ரிச்சர்ட் மெக்காய் உயிரோடு தரையிறங்கி, பிறகுதான் பிடிபட்டான் என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆள் யார் என்பதைக் கடைசியில் வையுங்கள். முதல் ஐந்து வருஷத்திலேயே எஃப்.பி.ஐ. 800 பேருக்கு மேல் பரிசீலித்து, இரண்டு டஜன் தவிர எல்லாரையும் தள்ளிவிட்டது. சாகும்போது "நான்தான் கூப்பர்" என்றவர்களும் உண்டு. யாருடைய பேரையாவது எழுத நேர்ந்தால், அவருக்குப் பேரன் பேத்தி இருப்பார்கள் என்று நினைத்து எழுதுங்கள். உங்கள் நோட்டில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும்; வெளியே சொல்வது பேனாவில் இருப்பதை மட்டும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பழைய 20 டாலர் நோட்டு வீட்டுப் பீரோவில் கிடந்தால், அந்தப் 10,000 நோட்டின் வரிசை எண் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, ஒத்துப் பாருங்கள். அநேகமாக ஒத்துப்போகாது. போனால் மடிக்காமல், ஒட்டுப்போடாமல், ஒரு தாள் உறையில் போட்டு, யார் எப்போது கொடுத்தார்கள் என்று தேதியோடு எழுதி வைத்துவிட்டு, அப்புறம் எஃப்.பி.ஐ.க்கு எழுதுங்கள். பாராசூட்டோ பணமோ கையில் கிடைத்தால் மட்டும் சொல்லுங்கள் என்றுதான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.