பூட்டிய போனிலும் மெசேஜ் தெரிகிறதா?

வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் நெரிசலுக்குள் நிற்கும்போது கையிலுள்ள போன் ஒளிர்ந்தால், பக்கத்தில் நிற்பவர் கண்ணும் அங்கேதான் போகும். "ராத்திரி பேசலாம்" என்ற ஒரு வரி போதும், ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் கதை கட்ட. அனுப்பியது வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணனாக இருக்கும். அதை யாரும் விசாரிப்பதில்லை. வங்கி ஓடிபியும் அதே திரையில்தான் வந்து நிற்கிறது.

செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், லாக் ஸ்கிரீனில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். மெசேஜ் வந்தது தெரியும், விஷயம் தெரியாது.

பலரும் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். போன் திருடு போனால், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலே ஓடிபி அங்கே வந்துவிடும். அதனால் சிம்முக்கே பின் எண் வைத்துப் பூட்டும் சிம் லாக்கும் கட்டாயம் வேண்டும். அதைப் போடும்போது சிம்மில் ஏற்கெனவே உள்ள பின் எண்ணைக் கேட்கும். தெரியாவிட்டால் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அதைத் திறக்கும் பியூகே எண் தேடி அலைய வேண்டும். சிம் நிறுவனத்திடம் கேட்டுவிட்டே போடுங்கள்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்குப் போய் 6 இலக்கப் பின் எண்ணையும் வைத்துவிடுங்கள். பணம் பறிபோனால் வீட்டில் திட்டுவார்களே என்று தயங்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.