சிறுகதைத் தொகுப்பு வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வாங்கிய சிறுகதைத் தொகுப்பை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று உட்காருவதுதான் வாசிப்பின் சுவையை முதலில் கெடுக்கிறது. நாவலில் நூறு பக்கம் தாண்டினால் அதன் தெருக்களும் ஆட்களும் நமக்குப் பழகிவிடுவார்கள். தொகுப்பிலோ ஒவ்வொரு கதைக்கும் வேறு வீடு, வேறு வாசல். ஒரு கதையின் கடைசி வரி மனத்தில் அடங்குவதற்குள் அடுத்ததற்குத் தாவினால் இரண்டுமே கலங்கிப்போகும். 2025ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்ற, கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லேம்ப்’ தொகுப்பில் இருப்பவை 12 கதைகளே. ஆனால் அவை 1990 முதல் 2023 வரை எழுதப்பட்டவை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் பார்த்தும் கேட்டும் எழுதியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் படித்துவிட்டு, எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. நாளுக்கு ஒரு கதை போதும்; மிஞ்சினால் இரண்டு.

அணிந்துரையை முதலில் படிப்பதையும் தவிர்க்கலாம். நம் புத்தகங்களில் அணிந்துரை எழுதுபவர், பெரும்பாலும் அன்பு மிகுதியால், எந்தக் கதை எப்படி முடிகிறது என்பதுவரை சொல்லிவிடுகிறார். அதைக் கடைசியில் படித்தால், நாமும் படித்து முடித்த கதைகளைப் பற்றி இன்னொரு வாசகரோடு பேசுவதுபோல் இருக்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கதை முடிந்ததும் ‘இதில் என்ன சொல்ல வருகிறார்?’ என்று கேட்கும் பழக்கம். பள்ளிப் பாடநூலில் கதைக்குக் கீழே கருத்து எழுதிப் பழகிய நமக்கு அது எளிதில் விடுவதில்லை. ஒரு கதையை இப்படி வைத்துக்கொள்வோம். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மகள் தெருமுனைக் கடைக்குப் போய் அவருடைய கைபேசி எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்கிறாள். ‘28 நாளைக்கா, 84 நாளைக்கா?’ என்று கடைக்காரர் கேட்கிறார். அவள் சற்று நின்று, ‘84’ என்கிறாள். கதை அவ்வளவுதான். பிறகு என்ன ஆனது என்று தேடுபவருக்கு இங்கே ஒன்றுமே இல்லை. திடீர்த் திருப்பத்தை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். ஆனால் அந்த ‘84’ என்ற சொல்லுக்கு முன்னால் அவள் நின்ற அந்த ஒரு கணத்தில் நாமும் கூடவே நின்றுவிட்டால், அவள் எதை எதிர்பார்த்து அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்கிறாள், யார் அழைத்தால் எடுப்பாள், எத்தனை நாளில் துக்கம் ஆறும் என்று அவள் கணக்கிட்டாளா என்பதையெல்லாம் நம் மனம் தானாகவே எண்ணிப் பார்க்கத் தொடங்கும். கருத்தை ஒரு வரியில் எழுதிவிட்டால் அந்த எண்ணம் அங்கேயே நின்றுவிடும்.

வட்டார வழக்கைக் கண்டு பின்வாங்குவதும், புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று அகராதியைப் புரட்டுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். நாஞ்சில் நாட்டுப் பேச்சோ கரிசல் பேச்சோ யாழ்ப்பாணத் தமிழோ, கண்ணால் மட்டும் படிக்கும்போது முரண்டு பிடிக்கும். வாய்விட்டுப் படித்தால் நாலைந்து பக்கங்களில் வழிக்கு வரும். ‘ஹார்ட் லேம்ப்’ தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தீபா பஸ்தி, கன்னட, உருதுச் சொற்களைச் சாய்வெழுத்தில் தனித்துக் காட்டாமலும் அடிக்குறிப்பு போடாமலும் விட்டதற்குப் பின்னால் வாசகரின் மீதான நம்பிக்கை இருக்கிறது என்றே நினைக்கிறேன். பொருள் தெரியாத ஒரு சொல், சொல்பவரின் குரலிலிருந்தே பாதி விளங்கிவிடும்.

‘நான்’ என்று தொடங்கும் கதையை எழுத்தாளரின் சொந்த வாழ்க்கையாகவே எடுத்துக்கொள்வதும் கூடாது. பானு முஷ்தாக் வழக்கறிஞர் என்று தெரிந்தவுடன் அவருடைய கதைகளை வழக்குக் கட்டுகளைப்போலப் படிக்கத் தோன்றும். அனுபவம் அங்கே மூலப்பொருள் மட்டுமே. எதைச் சொல்வது, யார் கண் வழியாகச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்ற தேர்வுகளில்தான் கலை இருக்கிறது.

முதல் கதை பிடிக்கவில்லை என்பதற்காகத் தொகுப்பையே மூடிவைத்துவிட வேண்டாம். நடுவில் ஏதாவது ஒரு கதையில் நுழைந்து பாருங்கள். விருது பெற்ற தொகுப்பு என்பதற்காக எல்லாக் கதைகளும் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூன்று கதைகள் நம்மோடு தங்கினால் அது நல்ல தொகுப்பே.

அந்த மூன்றையும் ஒருமுறை படித்ததோடு விட்டுவிடுவதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். நாவலை மறுபடி படிக்கப் பல நாள் வேண்டும். சிறுகதைக்கு அரைமணி நேரம் போதும். ரீசார்ஜ் கதைக்கே திரும்புங்கள். முதல் பத்தியில், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அப்பா மகளிடம் சொல்லும் ஒரு சாதாரண வாக்கியம் இருக்கிறது. முதல் வாசிப்பில் நாம் கவனிக்காமல் கடந்துபோன வாக்கியம்: ‘28 நாளைக்கே போடும்மா, போதும்.’