கொழும்பு புறக்கோட்டைப் புடவைக்கடையில் ஊக்கத்தொகை வைக்கும் முறை

முதலில் அடிப்படையைப் பாருங்கள். சம்பளம் குறித்த நாளில் போகிறதா? மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கிறீர்களா? ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கான சம்பளத்தின் 12 வீதம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா? இவை பிசகினால் எந்த ஊக்கத்தொகையும் எடுபடாது, மனக்குறைதான் மிஞ்சும்.

பிறகு கடந்த ஆறு மாத விற்பனைச் சராசரியை எடுத்து, அதற்கு மேல் விற்பதில் ஒரு குறிப்பிட்ட வீதத்தைப் பங்கிடுங்கள். தனியாள் விற்பனைக்கு மட்டும் கொடுத்தால் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் பறிப்பார். விரித்த சேலையை மடிக்க ஆளிருக்காது. ஆகவே பாதியையாவது குழுவுக்கு வையுங்கள், காசாளரையும் களஞ்சியத்தில் நிற்பவரையும் சேர்த்து. திரும்பி வந்த துணியை விற்பனைக் கணக்கில் கழியுங்கள். தீபாவளி, சித்திரை மாத இலக்கைப் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் போடுங்கள்.

நன்றாக விற்றார்கள் என்று இலக்கை இடையில் உயர்த்தாதீர்கள். அடுத்த மாதம் இலக்கை அதிகம் தாண்டாமல் அளந்துதான் விற்பார்கள்.