பெண் இயக்குநர்களைப் படிக்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

கிளிநொச்சியில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படம் பார்க்கிறோம். ஊடகமும் பால்நிலையும் படிக்கிற பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளையும் கையோடு கொண்டு வருவார்கள். வாசிக்க வாசிக்க ஒரே பிழைகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. தொடக்கத்தில் நானும் இவற்றையே விட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய பிழை, கதையைச் சொல்லிவிட்டு ஆய்வு முடிந்தது என்று நினைப்பது. நாயகி துணிச்சலானவள், கடைசியில் வெல்கிறாள், ஆகவே பெண்ணியப் படம் என்று முடித்துவிடுவார்கள். கமெரா எங்கே நின்றது, யாருடைய கண்ணால் பார்த்தது, எவ்வளவு நேரம் பார்த்தது என்று ஒரு வரி இருக்காது. பிரித்தானியத் திரைப்பட ஆய்வாளர் லோரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையில் ஆண் நோக்கு என்று பிடித்தது இந்த இடத்தைத்தான்: கமெராவின் பார்வை, படத்துக்குள் நிற்கிற ஆணின் பார்வை, கதிரையில் இருக்கிற எங்கள் பார்வை மூன்றும் ஒன்றாகிப் பெண்ணின் உடலில் போய் விழுகின்றன. நாயகி பொலிஸ் அதிகாரியாக வருகிற படமாகவே இருக்கட்டும், அவளை அறிமுகப்படுத்தும்போது கமெரா காலிலிருந்து மெல்ல மேலே ஏறினால் மாறியது உடுப்பு மட்டும்தான்.

இதற்கு மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் பெல்ஜிய இயக்குநர் சாந்தல் அக்கர்மன் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மான்’ படத்தைப் பாருங்கள். பிரசெல்சில் மகனோடு வாழும் ஒரு கைம்பெண்ணின் மூன்று நாட்கள், 201 நிமிடம். அவள் குசினியில் உருளைக்கிழங்கு சீவுகிறாள், கமெரா அசையாமல் நிற்கிறது, கிட்டப் போய் முகத்தைக் காட்டவும் இல்லை, வெட்டி அடுத்த காட்சிக்குத் தாவவும் இல்லை. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மிஞ்சி அவிந்துவிடுகிறது. வேறு படத்தில் கவனிக்கவே மாட்டோம், இங்கே அது மனதைப் பதறவைக்கிறது, ஏனென்றால் முதல் நாள் முழுக்க அவளுடைய ஒழுங்கை அவளோடு இருந்து பார்த்திருக்கிறோம். தயவுசெய்து இதை போனில் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். வீட்டுவேலை எடுக்கிற நேரம்தான் அந்தப் படமே, நேரத்தைச் சுருக்கினால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது, இயக்கியது பெண் என்றால் பார்வையும் பெண்களுக்கு ஆதரவாகத்தான் இருக்கும் என்ற முடிவு. லேனி ரீஃபன்ஸ்தால் பெண்தான், 1935இல் ஹிட்லரின் கட்சி மாநாட்டைக் கோயில் திருவிழா போலப் படமாக்கிக் கொடுத்தார். கத்ரின் பிகலோ சிறந்த இயக்குநருக்கான ஒஸ்காரை வென்ற முதல் பெண், 2010இல், அதுவும் கிட்டத்தட்ட முழுக்க ஆண்களே வருகிற ஒரு போர்ப்படத்துக்கு. அந்தப் படத்தில் ஆண்மை எப்படிக் காட்டப்படுகிறது என்று கேட்பதும் பால்நிலை ஆய்வுதான். பால்நிலை என்றவுடன் பெண் பாத்திரங்களை மட்டும் எண்ணத் தொடங்குவதும் ஒரு பிழை.

பெண்கள் இப்போதுதான் கமெராவுக்குப் பின்னால் வந்தார்கள் என்று எழுதுவதையும் விடுங்கள். பிரான்சில் அலீஸ் கீ 1890களிலேயே படம் இயக்கினார். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கினார், பானுமதி 1953இல் ‘சண்டிராணி’யை. ஹொலிவூட்டில் மௌனப்பட காலத்தில் பெண் இயக்குநர்கள் கணிசமாக இருந்தார்கள், பெரிய ஸ்டூடியோக்களும் வங்கிப் பணமும் வந்த பிறகுதான் ஒதுக்கப்பட்டார்கள். அதனால் யார் முதலாவது என்று பட்டியல் போடுவதைவிட, இருந்தவர்கள் ஏன் இல்லாமல் போனார்கள் என்று கேட்டால் கட்டுரைக்கு உயிர் வரும். அப்புறம், இயக்குநர் பெயரோடு நின்றுவிடவும் வேண்டாம். எங்கள் நாட்டில் சுமித்ரா பீரிஸ் தன் முதல் படமான ‘கெஹெனு லமய்’யை 1978இல் இயக்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே படத்தொகுப்பாளராக வேலை செய்தவர். தொகுப்பு மேசையிலும் ஒரு பார்வை இருக்கிறது.

பெக்டெல் சோதனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படத்தில் இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஆணைப் பற்றி அல்லாத எதையாவது பேசுகிறார்களா என்கிற அந்தக் கேள்வி, 1985இல் ஒரு சித்திரத் தொடரில் வந்தது. நூறு படங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க உதவும், ஒரு படத்துக்குப் புள்ளி போட உதவாது.

இனி எனக்கு மிகவும் நோகிற இடம். வன்னியில் இருந்து படிக்கிற நாங்கள் வெளிநாட்டுப் படங்களுக்கு இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டு, எங்களைப் பற்றி எடுக்கப்பட்ட ஆவணப்படங்கள் வந்ததும் பேசாமல் இருந்துவிடுகிறோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தில் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து எத்தனை கமெராக்கள் வந்து போயிருக்கும். பெரும்பாலானவை கண்ணீர் வரும்வரை காத்திருந்து, வந்ததும் கிட்டப் போகின்றன. ஆண் நோக்கு என்றால் கவர்ச்சி மட்டும்தான் என்று நினைத்தால் இது பிடிபடாது. அழுகிற முகமாக மட்டும் ஒரு பெண்ணைப் பார்ப்பதும் அவளைப் பொருளாக்குவதுதான். எடுத்தவர் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான்.

ஒருநாள் அப்படி ஒரு படத்தைப் போட்டோம். நான் இரண்டு தடவை பார்த்தும் கவனிக்காததை ஒரு பிள்ளை நிறுத்திக் காட்டினாள். அதிகாரி பேசும்போது திரைக்குக் கீழே அவருடைய பெயரும் பதவியும் வந்தன. மடியில் மகனின் படத்தை வைத்துக்கொண்டு ஆறு நிமிடம் பேசிய அம்மாவுக்கு, ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை தன் கட்டுரையைக் கிழித்துப்போட்டுவிட்டு, அந்த இரண்டு சொல்லிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினாள்.