ஓவியப் பிரிண்டை நெட்டில் போடும் முன்

ஏற்காடு ஏரியையோ பகோடா பாயின்ட்டையோ வரைந்து பிரிண்ட் விற்பவர்கள், பிறர் படத்தை டவுன்லோடு செய்து தாங்களே பிரிண்ட் போட்டுவிடாமல் இருக்க, ஆன்லைனில் போடும் படத்தின் நீளப் பக்கத்தை 1000 பிக்சலுக்குக் குறைத்துவிடுங்கள். எந்த போட்டோ எடிட்டரிலும் ‘ரீசைஸ்’ போதும். புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள், ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும்.

நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், அதாவது ஏ4 தாளுக்கு நீளவாட்டில் சுமார் 3500. ஆயிரம் பிக்சல் படத்தை ஏ4-இல் அடித்தால் அங்குலத்துக்கு 85-தான் கிடைக்கும். கோடுகள் மழுங்கி, விற்க முடியாத பிரிண்டாகிவிடும். போன் திரையில் மட்டும் பளிச்சென்றே தெரியும். பிக்சலைக் குறைக்காமல் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணை மட்டும் 300-லிருந்து 72 ஆக்குவதில் பயனே இல்லை, பலர் ஏமாறுவது இங்கேதான். படத்தின் மேல் உங்கள் பெயரைப் போடுவதானால் மூலையில் போடாதீர்கள், ஓரத்தை ஒரே கிராப்பில் வெட்டினால் போய்விடும். மரக்கிளை, அலை போன்ற நுணுக்கமான பகுதியின் மேல் 20-30 சதவீத அடர்த்தியில் போட்டால் அழிப்பது சிரமம்.

சேலத்து அச்சகத்துக்குக் கொடுக்கும் ஃபைலுக்கு இது ஆகாது. அங்கே முழு அளவுதான் வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். வேலை முடிந்ததும் அவர்கள் கணினியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். பிரிண்டை வாங்கியவரே ஸ்கேன் செய்தாலும், ஏஐ கொண்டு படத்தைப் பெரிதாக்கினாலும், ஸ்டேட்டஸில் பகிர்ந்தாலும் இந்த வழி தடுக்காது. அதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் வரைந்தவருக்கு உரிமை உண்டு. தேதியுடன் ஒரிஜினல் ஃபைலையும் பென்சில் ஸ்கெட்ச்சையும் பத்திரமாக வைத்திருங்கள்.