வீட்டு ஷெட்லயே லாரி பின் ஆக்சில் பிரிச்சு மாட்டுறது: டிஸ்க் பிரேக் மாடல்

இது ஏர் டிஸ்க் பிரேக் இருக்கற, ஹப்புக்கு (சக்கரம் மாட்டுற நடுப் பாகம்) டிஃபரென்ஷியல் ஆயிலே போற டிரைவ் ஆக்சிலுக்கு. ஜாக்கி போடுறது, ஸ்டாண்ட் வைக்கறது, சக்கரம் கழட்டுறது எல்லாம் தெரிஞ்சவங்களுக்குத்தான், அதுல நிக்கப் போறதில்ல.

முதல்ல முன் சக்கரத்துக்கு கட்டை வச்சுட்டு, ஏர் ஃபுல்லா இருக்கும்போதே பார்க்கிங் பிரேக்க ரிலீஸ் பண்ணி பிரேக் சேம்பர்ல (பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங் இருக்கற டப்பா) கேஜிங் போல்ட்டப் போட்டுருங்க, அதுதான் ஸ்பிரிங்க அமுங்குனபடியே பிடிச்சு வைக்கும், ஸ்பிரிங் ஏற்கனவே அமுங்கி இருக்கறதால சுலபமா ஏறும், அதுக்கப்புறம் டேங்க் ஏர இறக்குங்க. சேம்பர் கிளாம்ப மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிரிக்காதீங்க, உள்ள இருக்கற ஸ்பிரிங் ஆளக் கொல்லும்.

பேட், காலிப்பர் எடுத்துட்டு, காலிப்பர ஹோஸ்ல தொங்க விடாம கட்டி வைங்க. கீழ ட்ரே வச்சுட்டு ஆக்சில் ஷாஃப்ட் நட்ட எடுங்க. ஸ்டட்ல இருக்கற கோன் வாஷர் பிடிச்சுக்கும், பித்தளை சுத்தியலால ஃப்ளாஞ்ச் நடுவுல ஓங்கித் தட்டுனா தளர்ந்துரும், இடுக்குல உளி விட்டா அந்த முகமே போயிரும். ஹப்பும் டிஸ்க்கும் சேர்ந்து நல்ல கனம், வீல் டாலி இல்லன்னா இன்னொரு ஆள் வேணும்.

பேரிங் மாத்துனா கப்பும் (வெளி வளையம்) கோனும் (ரோலரோட இருக்கற உள் வளையம்) செட்டாத்தான் மாத்தணும். சீல இறக்க அதுக்குரிய டூல்தான், சுத்தியல் வேண்டாம். டிஸ்க் தேய்மானத்த மைக்ரோமீட்டர்ல பாருங்க, குறைஞ்சபட்ச அளவு டிஸ்க்லயே அடிச்சிருக்கும். காலிப்பர் பின்னுக்கு கிட்ல வர்ற கிரீஸ்தான், சாதா கிரீஸ் போட்டா ரப்பர் பூட் ஊதிக்கும்.

இப்போ நிறைய பேர் சொதப்புற இடம், பேரிங் டைட். கையால ஆட்டிப் பாத்து "ஓகே"ங்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன். ரெட்டை நட் இருக்கற டிரைவ் ஆக்சில்னா, ஹப்பச் சுத்திக்கிட்டே உள் நட்ட 200 ஃபுட் பவுண்ட் டைட் பண்ணி, ஒரு முழுச் சுத்து தளர்த்தி, மறுபடி சுத்திக்கிட்டே 50 டைட் பண்ணி, கால் சுத்து தளர்த்தணும். அப்புறம் லாக் வாஷர், வெளி நட் போட்டு டைட் பண்ணிட்டு டயல் கேஜ் வைங்க: ஆட்டம் (ஹப் உள்ளயும் வெளியயும் நகர்ற அளவு) 0.025லேருந்து 0.125 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். வெளி நட் டைட் ஆகும்போது ஆட்டம் மாறும், அதனால அளக்கறது கடைசியிலதான். சரியா வரலன்னா வெளி நட்ட எடுத்து முதல்லேருந்து. சீல் பண்ணி வர்ற யூனிட் ஹப்புக்கு இந்தக் கணக்கு கிடையாது. டூல்ல எத வேணா கடன் வாங்குங்க, டயல் கேஜ சொந்தமா வாங்குங்க.

பேட் போட்டப்புறம் காலிப்பர்ல பேட் இடைவெளிய வைக்கற அட்ஜஸ்டர கையாலதான் திருப்பணும், இம்பாக்ட் கன் பட்டுச்சுன்னா உள்ள ஷியர் ஆகிரும் (அறுந்துரும்).

அப்டேட்: ஏபிஎஸ் லைட் அணையலன்னு கேட்டவங்களுக்கு, சென்சார ஹப்போட சுத்துற பல் ரிங்ல முட்டுற வரைக்கும் தள்ளி விடுங்க, சக்கரம் சுத்தும்போது தானே இடைவெளி எடுத்துக்கும்.

இன்னொண்ணு, ஹப் சூடாகுதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. டிஃபரென்ஷியல்ல ஆயில் ஊத்துனா மட்டும் ஹப்புக்குப் போயிராது, புது பேரிங் காஞ்சே ஓடி எரிஞ்சுரும். ஆக்சிலோட ஒரு பக்கத்த 15 சென்டிமீட்டர் போலத் தூக்கி ஒரு நிமிஷம் விடுங்க, எதிர்ப்பக்க ஹப் ரொம்பும், அப்புறம் மாத்தித் தூக்குங்க. சமமா இறக்கி டிஃபரென்ஷியல் ஆயில் லெவல் பாத்தா குறைஞ்சிருக்கும், ஃபில்லர் ஓட்டை வரைக்கும் டாப் அப் பண்ணுங்க.